பொறியியல் ஆவணங்களில் வினைமுற்று: லாசால் பணிக்களத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

பொறியாளரின் பணி கணக்கிடுவதும் வரைவதும் மட்டுமன்று, எழுதுவதும் ஆகும். விவரக்குறிப்பு, செயல்முறைக் கையேடு, பராமரிப்புப் பதிவேடு, பணி அனுமதிச் சீட்டு, ஆய்வறிக்கை, ஒரு ஷிப்டு மற்றொரு ஷிப்டுக்கு விட்டுச்செல்லும் குறிப்பு ஆகியன அவர் நாள்தோறும் கையாளும் எழுத்துகள். இவற்றைப் படிப்பவர் பெரும்பாலும் எழுதியவரை நேரில் காண்பதில்லை. ஐயம் எழுந்தால் கேட்டறியவும் வாய்ப்பில்லாத இடத்தில் நின்று, எழுதியதை நம்பி அவர் கையை நீட்டுகிறார். ஆகவே இவ்வெழுத்தில் நேரும் பொருள்மயக்கம் நடைக்குறை என்பதோடு நில்லாமல் விபத்தாகவும் முடியலாம்.

அறிவியல் தமிழ் பற்றிய ஆய்வுகள் இதுகாறும் பெயர்ச்சொற்களை, அதாவது கலைச்சொற்களை, மையமாகக் கொண்டே நிகழ்ந்துள்ளன. பணிக்கள ஆவணத்தின் பாதுகாப்போ பெரிதும் வினைமுற்றைச் சார்ந்தது. எது கட்டாயம், எது பரிந்துரை, எது அனுமதி, எது கண்டறிந்த உண்மை, எது ஊகம் என்பவற்றை வாக்கியத்தின் முடிவே வரையறுக்கிறது. இக்கருத்தை மொன்றியல் நகரின் லாசால் பகுதியையும் அதன் எதிர்க்கரையையும் சார்ந்த பொறியியல் வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் வினைமுற்றுகள் இப்பணிக்கு எவ்வளவு ஆயத்தமாக உள்ளன என்பதையும் ஆராய்கிறது.

லாசாலும் எதிர்க்கரையும்

மொன்றியல் தீவின் தென்மேற்கில், சென் லோரன்ஸ் ஆற்றின் லஷீன் விரைவோட்டங்களை ஒட்டி அமைந்தது லாசால். 1912இல் நகராட்சியாக உருப்பெற்ற இப்பகுதி, 2002 முதல் மொன்றியல் மாநகரின் ஒரு வட்டாரமாக உள்ளது. இருபதாம் நூற்றாண்டில் வடிசாலையும் மதுவாலையும் பிற தொழிற்கூடங்களும் இங்கு அமைந்தன. ஆற்றின் மறுகரையில் இருப்பது மோஹாக் பழங்குடியினரின் ஊராகிய கானவாகே. இரு கரைகளையும் 1934இல் திறக்கப்பட்ட மெர்சியே பாலமும் அதற்கு முந்திய இரயில் பாலமும் இணைக்கின்றன.

அந்த இரயில் பாலம் 1886இல் கனடிய பசிபிக் இரயில்வேக்காகத் தொடங்கப்பட்டது. டொமினியன் பிரிட்ஜ் நிறுவனம் இரும்புப் பணியை மேற்கொண்டது. பாலத்தின் ஒரு முனை கானவாகே நிலத்தில் ஊன்றப்பட்டமையால் அவ்வூர் ஆண்களுக்கு அங்கு வேலை கிடைத்தது. உயரத்தில் அஞ்சாது நடந்து தரையாணி அடிக்கும் அவர்களின் திறன் விரைவில் வெளிப்பட்டது. பின்னாளில் வட அமெரிக்காவின் பாலங்களையும் வானளாவிய கட்டடங்களையும் எழுப்பிய மோஹாக் இரும்புத் தொழிலாளர் மரபு இப்பாலத்தில்தான் தோன்றியது. அம்மரபுக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு 1907இல் கியூபெக் நகரை அடுத்த பாலத்தில் நிகழ்ந்தது. பொறியாளரின் எழுத்து மொழியை ஆராய்வோர்க்கு அந்நிகழ்வு ஓர் அடிப்படைப் பாடம்.

1907: ‘வளைந்திருக்கிறது’, ‘வளைந்து வருகிறது’

கியூபெக் பாலம் 1800 அடி நீளமுள்ள மைய இடைவெளியைக் கொண்டதாக வடிவமைக்கப்பட்டது. அதைக் கட்டியது பென்சில்வேனியாவின் பீனிக்ஸ்வில் நகரிலிருந்த பீனிக்ஸ் பிரிட்ஜ் நிறுவனம். ஆலோசனைப் பொறியாளர் தியோடர் கூப்பர் நியூயார்க்கில் இருந்தார். மேற்கட்டுமானம் எழும்பிய காலத்தில் அவர் பணிக்களத்திற்கு வந்ததில்லை. ஆகவே களம், வடிவமைப்பு அலுவலகம், ஆலோசகர் என்னும் மூன்றையும் இணைத்தவை கடிதங்களும் தந்திகளுமே.

1907 ஆகஸ்டுத் தொடக்கத்தில், பாலத்தின் கீழ்நாண் உறுப்புகள் சில வளைந்திருப்பதாகக் களத்திலிருந்த இளம் பொறியாளர் நார்மன் மக்ளூர் கூப்பருக்கு எழுதினார். எப்படி நேர்ந்தது என்று கூப்பர் வினவினார். அவ்வளைவுகள் உறுப்புகளைப் பொருத்துவதற்கு முன்பே இருந்தவை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடாயிற்று. மூன்று வாரங்கள் இவ்வாறு கடிதங்கள் சென்று வந்தன. ஏ9எல் எனக் குறிக்கப்பட்ட உறுப்பில் முக்கால் அங்குலமாக இருந்த வளைவு, ஏறத்தாழ ஒரு வார இடைவெளியில் இரண்டேகால் அங்குலமாயிற்று. ஆகஸ்டு 27ஆம் நாள் இது அளந்து அறியப்பட்டது. மக்ளூர் நேரில் விளக்க நியூயார்க் சென்றார். 29ஆம் நாள் நண்பகல் கூப்பர் தந்தி அனுப்பினார். உண்மைகளை ஆராயும்வரை பாலத்தின்மீது மேலும் சுமை ஏற்றலாகாது என்பது அதன் கருத்து. ஆனால் தந்தி சென்றது பீனிக்ஸ்வில்லுக்கு, பணிக்களத்திற்கு அன்று. அன்று மாலை ஐந்தரை மணியளவில், ஆட்கள் வேலையில் இருக்கும்போதே, பாலத்தின் தென்பகுதி ஆற்றில் வீழ்ந்தது. அதன்மீது இருந்த 86 பேரில் 75 பேர் இறந்தனர். அவர்களுள் 33 பேர் கானவாகேயைச் சேர்ந்தவர்கள்.

விசாரணை ஆணையம் 1908இல் அளித்த அறிக்கை, கீழ்நாண் உறுப்புகளின் வடிவமைப்புக் குறையையே வீழ்ச்சிக்குக் காரணமாகக் கண்டது. பாலத்தின் தன்னெடை குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. எனவே மொழியே பாலத்தை வீழ்த்தியது என்று கூறுவது பொருந்தாது. ஆயினும் ஆட்களைக் கீழே இறக்கியிருக்கக்கூடிய மூன்று வாரங்களை விழுங்கிய கேள்வி ஒரு வினையின் நிலையைப் பற்றியது. உறுப்பு முன்னரே வளைந்த நிலையில் இருக்கிறதா, சுமையின்கீழ் மேலும் மேலும் வளைகிறதா என்பதே அக்கேள்வி. ஆங்கிலத்தில் உறுப்பு ‘பென்ட்’ ஆக உள்ளது என்றெழுதினால் இரண்டுக்கும் இடமுண்டு. இறுதித் தந்தியிலோ வினை தெளிவாக இருந்தது. அதற்குரிய முன்னிலை தவறியது. சுமை ஏற்றிக்கொண்டிருந்தவருக்கு அவ்விலக்கு சென்று சேரவில்லை.

இவ்வழக்கு ஆவணமொழிக்குரிய இரண்டு வினாக்களை முன்வைக்கிறது. நிகழ்வின் நிலை யாது? சொல்லப்படுவது யாருக்கு, எவ்வளவு கட்டாயத்துடன்? முதல் வினாவிற்கான விடை வினையின் உட்கூற்றில் உள்ளது. இரண்டாவதற்கான விடை வினையின் முடிவில் உள்ளது.

தரநிலைகளும் பிரெஞ்சுச் சட்டமும்

இரண்டாம் வினாவிற்குப் பன்னாட்டுத் தரநிலைகள் தெளிவான விடை வகுத்துள்ளன. ஐ.எஸ்.ஓ. அமைப்பின் எழுத்து விதிகளின்படி, ஆங்கிலத்தில் ‘ஷல்’ கட்டாயத்தையும் ‘ஷுட்’ பரிந்துரையையும் ‘மே’ அனுமதியையும் ‘கேன்’ இயலுமையையும் மட்டுமே குறிக்கும். ‘ஷல்’ என்பதற்கு மாற்றாக ‘மஸ்ட்’ எழுதுவதை அவ்விதிகள் ஏற்பதில்லை. 1997இல் இணையத் தொழில்நுட்ப வல்லுநர் குழு வெளியிட்ட 2119ஆம் ஆவணமும் இத்தகைய சொற்களுக்கு வரையறை தந்தது. வானூர்திப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலம், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பதையும் செயல்முறை வாக்கியம் 20 சொற்களுக்கு மிகலாகாது என்பதையும் விதியாக்கியது. இயல்பான மொழியிலிருந்து ஒரு சிறு பகுதியை எடுத்து, அதன் பொருளை உடன்பாட்டால் இறுக்கிக் கட்டுவதே இவை அனைத்தின் நெறி.

கியூபெக்கில் இவ்வுடன்பாடு பிரெஞ்சு மொழியில் நடைமுறைக்கு வந்த விதம் தமிழாய்வாளர் கவனிக்கத்தக்கது. 1960களில் மனிக்குவகன் ஆற்று அணைத் திட்டங்களில் பிரெஞ்சு பெருந்திட்டப் பொறியியலின் பணிமொழியாக நிலைபெற்றது. 1977 ஆகஸ்டு 26ஆம் நாள் பிரெஞ்சு மொழிச் சாசனம் நிறைவேறியது. பணியாளர்க்குப் பிரெஞ்சில் வேலை செய்யும் உரிமையை அது வழங்கியது. பணியாளர்க்கான எழுத்துத் தொடர்புகள் பிரெஞ்சில் அமைய வேண்டும் என விதித்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்கள் பிரெஞ்சுமயச் சான்றிதழ் பெறுவது கட்டாயமாயிற்று. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 25 பேர் பணிபுரியும் நிறுவனங்கள்வரை இக்கடமையை விரிவாக்கியது. அப்பகுதி 2025 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. பொறியாளர் உரிமம் பெறுவோருக்கும் தொழிலுக்கேற்ற பிரெஞ்சு அறிவு தேவை. கலைச்சொல் வங்கி ஒன்றையும் அரசின் பிரெஞ்சு மொழி அலுவலகம் நடத்துகிறது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. கலைச்சொற்கள் முழுமையாக ஆயத்தமான பின் ஆவணங்களை எழுதுவோம் என்று கியூபெக் காத்திருக்கவில்லை. ஆவணம் பிரெஞ்சில் இருந்தாக வேண்டும் என்னும் கடமையே சொற்களையும் வாக்கிய வழக்குகளையும் விரைந்து நிலைப்படுத்தியது. தரநிலைகளின் பிரெஞ்சு வடிவத்தில் ‘துவா’ கட்டாயத்தையும் ‘இல் கோன்வியன்’ எனத் தொடங்கும் தொடர் பரிந்துரையையும் உணர்த்துகின்றன. இயல்பான பிரெஞ்சில் ‘துவா’ ஊகத்தையும் குறிக்கும். தரநிலைக்குள் அப்பொருளுக்கு இடமில்லை.

லாசால் போன்ற தொழிற்பகுதியில் இவ்வாவணங்களைப் படிப்போருள் பலருக்குப் பிரெஞ்சு இரண்டாம் மொழி; சிலருக்கு மூன்றாம் மொழி. 1983க்குப் பின் மொன்றியலில் குடியேறிய ஈழத்தமிழரும் அவர்களுள் அடங்குவர். புதிதாக வேலைக்கு வருபவருக்கு முன்பே வந்தவர் தமிழில் வாய்மொழியாக விளக்கும்போது, பிரெஞ்சு ஆவணம் கவனமாகப் பிரித்த கட்டாயமும் பரிந்துரையும் பேச்சுத் தமிழின் ‘செய்யணும்’ என்னும் ஒரே முடிவில் கலந்துவிடக்கூடும். ஆகவே தமிழ் வினைமுற்றின் நிலை தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ எழுதப்படும் ஆவணங்களுக்கு மட்டும் உரிய சிக்கலன்று.

‘வேண்டும்’ என்னும் முற்றின் மயக்கம்

இயந்திரத்தைப் பழுது பார்க்குமுன் மின்னிணைப்பைத் துண்டித்து, ஆளிக்குப் பூட்டிட்டு, பூட்டியவரின் பெயர்ச்சீட்டை மாட்டும் நடைமுறை தொழிற்கூடங்கள் எங்கும் உண்டு. அது குறித்த பதிவேட்டில் பின்வரும் வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம்.

‘மூன்றாம் பம்பின் மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும்.’

இதனை இருவகையில் படிக்கலாம். துண்டிக்கப்பட்ட நிலை இன்றியமையாதது. அதனை உறுதிசெய்த பின்னரே தொடுக என்பது ஒன்று. துண்டித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது என்பது மற்றொன்று. ‘அவர் இந்நேரம் வீடு சேர்ந்திருக்க வேண்டும்’ என்று நாம் சொல்வது இரண்டாம் பொருளில்தான். முதற்பொருள் ஓர் ஆணை. இரண்டாம் பொருள் ஓர் ஊகம். ஆணையாகப் படிப்பவர் சோதித்துப் பார்ப்பார். ஊகமாகப் படிப்பவர், முன்னவர் துண்டித்துவிட்டார் என நம்பி இயந்திரத்தினுள் கையை விடுவார். இரு வாசிப்புக்கும் இலக்கணம் இடம் தருகிறது.

‘-லாம்’ ஈறும் அத்தகையதே. ‘மூடியைத் திறக்கலாம்’ என்பது அனுமதி. ‘குழாய் வெடிக்கலாம்’ என்பது நேரக்கூடியதைக் கூறுவது. ‘இரண்டாம் பம்பு நிற்கலாம்’ என்னும்போது, அதனை நிறுத்திவைக்க அனுமதி உண்டா, அது தானே நின்றுபோகும் இடர் உண்டா என்பது தெளிவில்லை.

எதிர்மறையில் மயக்கம் இன்னும் மிகும். ‘வால்வை மூட வேண்டாம்’ என்பது தடையாகவும் அமையும். மூடவேண்டிய தேவையில்லை என்றும் பொருள்படும். ‘கூடும்’, ‘கூடாது’ என்னும் இரண்டும் ஒன்றற்கொன்று எதிர்போலத் தோன்றினும் இன்றைய வழக்கில் முன்னது நேர்வாய்ப்பையும் பின்னது விலக்கையும் குறிக்கின்றன. இவற்றுள் எதுவும் தமிழுக்கு மட்டும் உரிய குறையன்று. ஆங்கிலத்தின் ‘மஸ்ட்’, பிரெஞ்சின் ‘துவா’ ஆகிய இரண்டிலும் கட்டாயமும் ஊகமும் ஒருங்கே உறைகின்றன. அம்மொழிகள் தம் மயக்கத்தைக் கண்டறிந்து, ஆவணத்திற்கென வேலியிட்டன. தமிழ் இன்னும் அதனைச் செய்யவில்லை.

துணைவினைகளின் வளம்

முதல் வினாவாகிய நிகழ்வின் நிலையைப் பொறுத்தவரை, தமிழ் வியக்கத்தக்க வளம் உடையது. 1907ஆம் ஆண்டுக் கடிதங்களில் சிக்கிய கேள்வியைத் தமிழ் ஒரே சொல்லில் தீர்த்துவிடும்.

‘உறுப்பு வளைந்திருக்கிறது’: வளைந்த நிலை காணப்படுகிறது; எப்போது வளைந்தது என்பது கூறப்படவில்லை.
‘உறுப்பு வளைந்துவிட்டது’: முன்பு நேராக இருந்தது, மாற்றம் நிகழ்ந்து முடிந்தது.
‘உறுப்பு வளைந்து வருகிறது’: மாற்றம் தொடர்கிறது, நாளைய அளவு இன்றைய அளவினும் மிகும்.

இரு, விடு, வா என்னும் துணைவினைகள் இங்கு அணியாக நிற்கவில்லை. அளவீட்டின் பகுதியாகவே நிற்கின்றன. முதல் வாக்கியத்தைப் படித்த பொறியாளர் விவரம் கேட்டு எழுதுவார். மூன்றாவதைப் படித்தவர் வேலையை நிறுத்துவார். மொழிபெயர்ப்பு வழியே உருவாகும் கையேடுகளில் துணைவினைகள் பலவும் பேச்சுவழக்கின் சாயல் எனக் கருதி நீக்கப்படும்போது, ‘வளைவு காணப்பட்டது’ என்னும் வறண்ட வாக்கியமே எஞ்சுகிறது. செந்தன்மை என்று எண்ணிச் செய்யும் இத்திருத்தம் செய்தியின் பாதியை அழித்துவிடுகிறது.

செய்தவர் யார் என்பதிலும் தமிழ் தெளிவான வேறுபாடுகளைத் தருகிறது. ‘குழாய் உடைந்தது’ என்னும் தன்வினையில் செய்தவர்க்கே இடமில்லை. ‘குழாய் உடைக்கப்பட்டது’ என்றால் செய்தவர் உண்டு, பெயர் மறைந்துள்ளது. ‘குழாயை உடைத்தோம்’ என்பதில் பொறுப்பு வெளிப்படை. ‘சரிபார்த்தாயிற்று’ என்னும் முடிவு பணி நிறைவேறியதை அறிவிக்கிறது, சரிபார்த்தவரை விட்டுவிடுகிறது. விபத்து அறிக்கையில் காரணம் உறுதிப்படாதபோது ‘உடைந்தது’ என்பதே நேர்மையான வடிவம். சோதனைப் பதிவேட்டிலோ ‘சோதித்தேன்’ என்னும் தன்மை ஒருமையே தகும். அதன்கீழ் இடப்படும் கையொப்பத்திற்கு அப்போதுதான் பொருள் உண்டு. கியூபெக்கின் பொறியாளர் சட்டம் வரைபடங்களிலும் விவரக்குறிப்புகளிலும் பொறியாளரின் கையொப்பமும் முத்திரையும் இருக்க வேண்டும் என விதிப்பது இப்பொறுப்பைக் கருதியே.

மரபில் இருந்த வேலி

ஆவணத்திற்கென வினைமுற்றை வரையறுப்பது தமிழுக்குப் புதிதன்று. சோழர்காலக் கல்வெட்டுகளில் கடமையை ஏற்பவர் ‘கடவோம்’ என முடிப்பர். உரிமை ‘பெறுவர்’ என்றும், உரிமை மறுப்பு ‘பெறார்’ என்றும் வரும். ஏரி வாரியம் பற்றிப் பேசும் பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், நீர்நிலை மேலாண்மை ஊரவையின் எழுத்துப் பதிவுக்கு உட்பட்டிருந்ததைக் காட்டுகின்றன. அளவு, எல்லை, கடமை, தண்டம் ஆகியவற்றைக் கூறும் அம்மொழி அன்றைய பேச்சுமொழியின் நேர்ப்படி அன்று. பொருள் இறுக்கப்பட்ட ஆவணமொழி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆவணம் ஆங்கிலத்திற்கு மாறியது. அப்போதும் தமிழ்ப் பெயர்கள் தப்பிப் பிழைத்தன. ஆர்தர் காட்டன் 1836 அளவில் கொள்ளிடத்தில் மேற்கொண்ட பணிகளைத் தொடர்ந்து ‘அணைக்கட்டு’ என்னும் சொல் ‘அனிகட்’ என ஆங்கிலப் பொறியியலில் வேரூன்றியது. மிகுநீர் வழியும் ‘கலிங்கல்’ சென்னை மாகாண அறிக்கைகளில் ‘கலிங்குலா’ ஆயிற்று. 1886இல் வெளிவந்த ஆப்சன்-ஜாப்சன் அகராதி இரண்டையும் பதிவு செய்துள்ளது. பெயர்கள் வேற்றுமொழி ஆவணத்திற்குள் புகுந்து வாழ்ந்தன. வினைமுற்றுகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆவணமே தமிழில் இல்லாதபோது கடமையுரைக்கும் முற்றுகள் பயிற்சியை இழந்தன.

பின்வந்த மீட்பு முயற்சிகள் பெயரையே முதன்மையாகப் பற்றின. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்றொகுதி வெளியிட்டது. மணவை முஸ்தபாவின் களஞ்சியங்கள் அடுத்த தலைமுறைக்குத் துணைநின்றன. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார் பொறியியல், இயந்திரப் பொறியியல் பட்டப்படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. இவை பெரும்பணிகள். எனினும் தமிழ்வழியில் கற்ற பொறியாளர் பணியில் சேர்ந்தபின் எழுதும் ஆவணம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகிறது. பாடநூல் விளக்கும், ஆவணம் பணிக்கும். விளக்கும் தமிழை வளர்த்த அளவிற்குப் பணிக்கும் தமிழை நாம் வளர்க்கவில்லை.

ஒரு வரையறைக்கான முன்மொழிவு

இருக்கும் வழக்குகளைக் கொண்டே ஆவண வினைமுற்றுகளை வரையறுக்க இயலும். விவாதத்திற்குரிய தொடக்கமாகப் பின்வருவன முன்வைக்கப்படுகின்றன.

1. கட்டாயம்: தொழிற்பெயரோடு ‘வேண்டும்’ சேர்த்து ‘மூடுதல் வேண்டும்’ என எழுதுக. சட்டத்தமிழில் ஏற்கெனவே நிலைபெற்ற இவ்வடிவத்தில் ஊகப்பொருள் எளிதில் எழுவதில்லை. ‘துண்டிக்கப்பட்டிருத்தல் வேண்டும்’ என்றால் அது ஆணையே. படிப்படியான செயல்முறையில் ‘மூடுக’ என்னும் வியங்கோள் போதும்.

2. பரிந்துரை: ‘மூடுவது நன்று’ என எழுதுக. இதில் ‘வேண்டும்’ வருதல் கூடாது.

3. அனுமதியும் நேர்வாய்ப்பும்: ‘-லாம்’ அனுமதிக்கு மட்டும் உரியது. நேரக்கூடியதை ‘வெடிக்கக்கூடும்’ எனவும், இயலுமையை ‘இயலும்’ எனவும் எழுதுக.

4. எதிர்மறை: தடைக்கு ‘திறத்தல் கூடாது’, தேவையின்மைக்கு ‘திறக்கத் தேவையில்லை’. ‘வேண்டாம்’ என்பதை ஆவணத்தில் விலக்குக.

5. ஊகம்: ‘எனக் கருதுகிறேன்’ என்று எழுதி, கருதியவர் பெயரை இடுக.

6. நிலை: அளவீட்டு அறிக்கையில் துணைவினையைத் தவிர்க்காமல், அளந்த நாளையும் முந்திய அளவையும் சேர்த்து எழுதுக.

இவ்வடிவங்கள் எவையும் புதிதாகப் புனைந்தவை அல்ல. ஒவ்வொன்றும் வழக்கில் உள்ளது. ஒரு வடிவத்திற்கு ஒரு பொருளே உரியது என்னும் உடன்பாடுதான் புதியது. தமிழ்நாட்டின் பொதுப்பணித் துறையும் மின்வாரியமும், இலங்கையில் தமிழில் நிருவாகம் நடத்தும் அலுவலகங்களும், தமிழ்வழிப் பொறியியல் கற்பிக்கும் நிறுவனங்களும் இதனைச் சோதித்துப் பார்க்கத்தக்க இடங்கள். தமிழ் அலுவல்மொழியாக இல்லாத மொன்றியலிலும் இது பயன்படும். பிரெஞ்சு ஆவணத்தைத் தமிழில் விளக்கும் மூத்த தொழிலாளி ‘கட்டாயம் மூடணும்’, ‘மூடினா நல்லது’ எனப் பிரித்துச் சொல்லப் பழகினாலே ஆவணத்தின் நோக்கம் பெரிதும் காக்கப்படும்.

முடிவுரை

பணிக்கள ஆவணத்தின் பெயர்ச்சொல் பிறமொழியிலிருந்து வந்ததாக இருப்பினும் வேலை நடைபெறும். ‘வால்வு’ என்பதைத் தமிழாக்காததால் எவருக்கும் தீங்கு நேர்வதில்லை. அதனைத் திறப்பது கட்டாயமா, அனுமதியா, ஊகமா என்பது தெளியாதபோது தீங்கு நேரக்கூடும். அறிவியல் தமிழ் முயற்சியின் அடுத்த கட்டம் சொல்லாக்கத்தோடு வினைமுற்று வரையறையையும் மேற்கொள்ளுதல் வேண்டும். இலக்கண அறிஞரும் பொறியாளரும் ஒருங்கே அமர்ந்து ஆற்றவேண்டிய பணி இது. கியூபெக் பாலத்தில் வேலை செய்தோர் அந்த மூன்று வாரக் கடிதங்களில் ஒன்றைக்கூடப் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவற்றின் விடைக்காகச் சுமையின்மீது நின்றுகொண்டிருந்தவர்கள் அவர்களே. ஆவணமொழியைத் திருத்துவோர் முதலில் கருத்தில் கொள்ளவேண்டியது அத்தகையோரையே.